லூபா அரசமரபின் மரச்சிற்பங்களில் பெண்ணுருவம்

ஆய்வுச்சுருக்கம்

காங்கோ சனநாயகக் குடியரசின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் லூபா மக்களிடையே அரசாண்டோர் பெரும்பாலும் ஆண்களே. எனினும் அவர்தம் அரசுச் சின்னங்களில் செதுக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் பெண்ணுருவம். இதற்கான காரணத்தை இருக்கைச் சிற்பம், கிண்ணமேந்திய சிற்பம் ஆகிய இரண்டின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லூபா, மரச்சிற்பம், பெண்ணுருவம், அரசுரிமை, முவாடி

முன்னுரை

லூபா மரச்சிற்பங்களுள் இன்று அருங்காட்சியகங்களில் காணப்படுபவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. இருக்கை, கோல், அம்புதாங்கி, கிண்ணம் எனப் பொருள் மாறினும் பெண்ணுருவம் மாறுவதில்லை. இவ்வுருவங்களைப் பணிப்பெண்ணாகவோ வளமையின் அடையாளமாகவோ மட்டும் கொள்வது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

அரசுரிமையும் பெண்ணும்

லூபா அரசின் தோற்றக்கதையில் கொடுங்கோலன் நிகோங்கோலோவின் உடன்பிறந்தாள் புலாண்டா, கிழக்கிலிருந்து வந்த வேட்டுவன் இம்பிடி கிலுவேயை மணக்கிறாள். அவர்களுக்குப் பிறந்த கலாலா இலுங்கா தாய்மாமனை வென்று அரசை நிறுவுகிறான். பழைய ஆட்சியையும் புதிய ஆட்சியையும் இணைக்கும் கண்ணி ஒரு பெண்ணே என்பது இக்கதையால் புலனாகிறது.

இவ்வெண்ணம் வழக்காற்றிலும் நிலவியது. மன்னர் இறந்தபின் அவரது ஆவி ஒரு பெண்ணின் உடலில் தங்கும் என லூபா மக்கள் நம்பினர். அப்பெண் முவாடி எனப்பட்டாள். மறைந்த மன்னரின் சின்னங்களும் ஏவலரும் அவளைச் சார்ந்தமைந்தனர். அவள் உறைந்த அரச இருப்பிடம் கிடெண்டா எனப்பட்டது. இச்சொல்லுக்கு ‘இருக்கை’ என்பது பொருள்.

இருக்கைச் சிற்பம்

இருக்கையின் மேற்பலகையைப் பெண் ஒருத்தி தலையாலும் கைகளாலும் தாங்கி நிற்பாள், அல்லது மண்டியிட்டிருப்பாள். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது சுமை தாங்கும் அடிமையின் தோற்றமாகப் படலாம். ஆனால் அவளது வேலைப்பாடமைந்த கூந்தலும் உடலெங்கும் உள்ள தழும்புக் கோலங்களும் உயர்நிலையைக் காட்டுவன. இவ்வாறு செம்மைப்படுத்தப்பட்ட உடலே ஆவி உறையத் தக்கது என்பது லூபா கருத்து. இத்தகைய இருக்கை அன்றாடம் அமர்வதற்குரியதன்று. வெள்ளைத் துணியால் சுற்றப்பட்டு, வேறோர் ஊரில் காவலுடன் வைக்கப்பட்டு, அரிய சடங்குகளின்போது மட்டுமே அது வெளிக்கொணரப்பட்டது. ஆகவே அவள் தாங்குவது மன்னரின் உடற்சுமையை அன்று, அரசுரிமையையே எனலாம்.

பல சிற்பங்களில் பெண் தன் மார்பகங்களைக் கைகளால் பற்றியிருக்கிறாள். இது தாய்மையை மட்டும் சுட்டுவதன்று. அரசமரபின் மறைபொருள்கள் பெண்ணின் நெஞ்சில் காக்கப்படுகின்றன என்பதே லூபா மரபு தரும் விளக்கம்.

கிண்ணமேந்திய சிற்பம்

கால்நீட்டி அமர்ந்து கிண்ணம் ஏந்திய பெண்ணுருவத்தை ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் ‘பிச்சைக்காரி’ என அழைத்தனர். உண்மையில் அது ம்போகோ எனப்படும் புனிதக் கலம். குறி சொல்வோரும் தலைவர்களும் அதனைப் பயன்படுத்தினர். கிண்ணத்தில் இருந்தது வெண்சுண்ணம். அது தூய்மைக்கும் ஆவியுலகத் தொடர்புக்கும் அடையாளம். குறி சொல்பவர்மீது இறங்கும் ஆவியின் மனைவியே இவள் என்பர். ஈவதற்குரிய கலம், இரப்பதற்குரிய கலமாகத் தவறாகப் பெயர் பெற்றது.

செதுக்கிய கையும் இதுபோன்றே மறைக்கப்பட்டது. சேகரிப்பில் கலைஞர் பெயர்கள் பதிவாகவில்லை. பெல்ஜிய அறிஞர் ஒல்பிரெக்ட்ஸ் 1946இல் வெளியிட்ட நூலில் நீண்ட முகமுடைய சில சிற்பங்களை ஒரு பாணியாகத் தொகுத்து, பூலி என்னும் ஊர்ப்பெயரால் சுட்டினார். அதன்பின் ‘பூலிக் கலைஞர்’ என்னும் வழக்கு நிலைபெற்றது. இனக்குழுவின் பெயருக்குள் தனிக்கலைஞரின் கையை இனங்காண அது வழிவகுத்தது.

முடிவுரை

லூபா சிற்பங்களில் பெண் அரசுக்கு அணிகலனாக நிற்கவில்லை. அரசு உறையும் இடமாக நிற்கிறாள். சிற்பத்தின் தோற்றத்தை மட்டும் கண்டு பெயரிடுவோர் காவலரை அடிமையாகவும், அருள்வோரை இரவலராகவும் பிறழக் கொள்வர். ஆதலின் சிற்பத்தை அதன் சடங்குச் சூழலோடும், படைத்த மக்கள் தரும் விளக்கத்தோடும் இணைத்துக் காண்பதே முறையாகும்.