விகடகவியை ஏற்காத நிரல்

பொறியியல் முதலாண்டு மாணவர் ஒருவர் சி மொழி கற்கத் தொடங்குகிறார். சீனியர் சொன்னாரென்று விஎஸ் கோடு என்ற மென்பொருளை இறக்கி நிறுவுகிறார். 'ஹலோ வேர்ல்டு' நிரலைத் தட்டுகிறார். சொற்கள் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று அழகாக நிறம் மாறுகின்றன. ஓடவிட்டால் மட்டும், 'ஜிசிசி' என்றொரு கட்டளையே எனக்குத் தெரியாது என்று விண்டோஸ் கைவிரித்துவிடுகிறது. அவர் எழுதியதிலும் தவறில்லை, நிறுவியதிலும் தவறில்லை. இறக்கிய மென்பொருளுக்குள் சி கம்பைலரே கிடையாது. பாத்திரம், கரண்டி, அஞ்சறைப்பெட்டி எல்லாம் இருக்கிற சமையலறையில் அடுப்பு மட்டும் இல்லை.

அவர் யூடியூப் பார்த்து, மின்ஜிடபிள்யூ என்ற கம்பைலர் தொகுப்பைத் தேடி நிறுவி, அது இருக்கும் போல்டரை விண்டோஸின் 'பாத்' பட்டியலில் சேர்த்து, ஒருவழியாக முதல் நிரலை ஓடவைப்பார். கம்பைலருடன் சேர்ந்தே வரும் கோட் பிளாக்ஸை நிறுவிய பக்கத்து அறை நண்பர் அதற்குள் மூன்றாவது பயிற்சிக்குப் போயிருப்பார்.

எடிட்டருக்கும் ஐடிஇ-க்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பாடநூல்கள் ஐடிஇ-யை ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல் என்று எழுதும். ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஐடிஇ என்றால்தான் புரியும். நிரலை எழுத ஓர் எடிட்டர், எழுதியதை இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றக் கம்பைலர், பல கோப்புகளைக் கோத்து ஒரே செயலியாக்கும் பில்ட் கருவி, ஓடுகிற நிரலைப் பாதியில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்க டீபக்கர். இந்த நான்கும் ஒரே ஜன்னலுக்குள், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்படி இருந்தால் அது ஐடிஇ. விஎஸ் கோடு அடிப்படையில் எடிட்டர்தான். மற்றதையெல்லாம் எக்ஸ்டென்ஷன்களாக நாமே சேர்த்து அதை ஐடிஇ ஆக்கிக்கொள்ளலாம்.

இந்த நான்கும் தனித்தனியாகக் கிடந்த காலத்தில் நிரலாளர் ஒரு மென்பொருளில் எழுதுவார், சேமித்து வெளியே வருவார், கம்பைலரை அழைப்பார், அது எந்தெந்த வரியில் பிழை என்று எண்களைத் துப்பும். அவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு மறுபடி எடிட்டருக்குள் போவார். இந்த அலைச்சலை ஒழிக்க ஜெர்மனியின் மியூனிக் நகரில் சாஃப்ட்லேப் நிறுவனம் 1975-லேயே 'மேஸ்ட்ரோ' என்ற அமைப்பை உருவாக்கியது. ஆனால் அது பெரிய நிறுவனங்களுக்கானது. சாதாரண மனிதரின் மேசைக்கு இந்த வசதியைக் கொண்டுவந்தது 1983-ல் போர்லண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ பாஸ்கல். போட்டியாளர்கள் கம்பைலரை நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தபோது இதன் விலை 49.95 டாலர். எடிட்டர், கம்பைலர் எல்லாம் சேர்ந்தே 40 கேபிக்குள் அடங்கிவிட்டன. இன்று வாட்ஸப்பில் வரும் குட்மார்னிங் படம் பெரும்பாலும் அதைவிடப் பெரிது. நிரலை நினைவகத்திலேயே வைத்துக் கண்சிமிட்டும் நேரத்தில் மாற்றும். பிழை வந்தால் எண்ணைச் சொல்லிவிட்டு ஒதுங்காமல், பிழையுள்ள இடத்திலேயே கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தும்.

அந்தக் கம்பைலரை எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பர்க். பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போய் சி ஷார்ப் மொழியையும், 2012-ல் டைப்ஸ்கிரிப்ட் மொழியையும் வடிவமைத்தார். விஎஸ் கோடு பெரும்பகுதி எழுதப்பட்டிருப்பது அந்த டைப்ஸ்கிரிப்டில்தான்.

போர்லண்டின் அடுத்த பிள்ளைகளான டர்போ சி-யும் டர்போ சி++-உம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு தலைமுறையையே வளர்த்தவை. நீலத் திரை, மஞ்சள் எழுத்து, ஓடவிட கன்ட்ரோலும் எஃப்9-உம், விடையைப் பார்க்க ஆல்ட்டும் எஃப்5-உம். விடைத் திரை மின்னி மறையாமலிருக்க நிரலின் கடைசியில் 'கெட்ச்' என்ற கட்டளையைப் போடுவது ஒரு சடங்காகவே இருந்தது. டாஸ் காலம் முடிந்த பின்னும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் உட்காரவைத்து அதை ஓட்டிய ஆய்வகங்கள் உண்டு. அது தவறான பாசம் என்பது என் கருத்து. டர்போ சி++ வந்தது 1990-ல்; சி++ மொழிக்கு முதல் பன்னாட்டுத் தரநிலை வந்ததே 1998-ல். அந்த நீலத் திரையில் பழகியவர்கள் எழுதும் முதல் வரியையே இன்றைய கம்பைலர் ஏற்றுக்கொள்ளாது. இன்னொரு வருத்தமும் உண்டு. அந்தத் திரையிலேயே எஃப்7, எஃப்8 விசைகளில் நல்ல டீபக்கர் ஒன்று இருந்தது. அதை ஒருமுறைகூட அழுத்தாமல் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம்.

ஐடிஇ-யைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது தோற்றத்தை: கறுப்புப் பின்னணி, எழுத்துரு, ஐகான்கள். எழுதுவதற்கு எந்த எடிட்டரும் போதும். நிரல் தவறாக ஓடும்போது அந்த மென்பொருள் நமக்கு என்ன காட்டுகிறது என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய உதாரணம் ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு சொல் இருபுறமிருந்தும் ஒன்றுபோல் வாசிக்கப்படுகிறதா என்று சோதிக்க பைத்தானில் நான்கைந்து வரி போதும். சொல்லை வாங்கு, திருப்பிப் போடு, அசலோடு ஒப்பிடு, ஒன்றானால் 'ஆம்' என்று அச்சிடு. ஆங்கில எழுத்தில் 'மேடம்' கொடுத்தால் 'ஆம்' என்கிறது. 'விகடகவி' கொடுத்தால் 'இல்லை' என்கிறது. சிவப்புக் கோடு இல்லை, பிழைச்செய்தி இல்லை. நிரல் இலக்கணப்படி சுத்தமாக ஓடி முடிகிறது. விடை மட்டும் தவறு. நிரலாளரின் நேரத்தைத் தின்பவை பெரும்பாலும் இந்த வகைப் பிழைகள்தான்.

இப்போது ஒப்பிடும் வரியின் இடப்பக்க ஓரத்தில் மவுஸால் ஒரு சொடுக்கு. சிவப்புப் புள்ளி விழுகிறது; அதுதான் பிரேக்பாயின்ட். விஎஸ் கோடில் எஃப்5 அழுத்தினால் நிரல் ஓடத் தொடங்கி, அந்த வரியைத் தொடும் முன் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் 'வேரியபிள்ஸ்' பகுதியில் இரண்டு மதிப்புகள் தெரிகின்றன. அசலுக்கு நேரே 'விகடகவி'. திருப்பியதற்கு நேரே, தொடக்கத்தில் புள்ளி வட்டத்தில் தொங்கும் தனி இகரக் கொக்கி, அதன் பின்னால் 'வகடகிவ'. கொக்கி ஒன்று அநாதையாகிவிட்டது, இன்னொன்று வகரத்தை விட்டுக் ககரத்தில் தொற்றிக்கொண்டது. கீழே 'வாட்ச்' பகுதியில் சொல்லைப் பட்டியலாகப் பிரித்துக் காட்டச் சொன்னால் ஏழு உறுப்புகள் வருகின்றன: வகரம், இகரக் கொக்கி, ககரம், டகரம், ககரம், வகரம், மறுபடி இகரக் கொக்கி. நாம் ஐந்தெழுத்து என்று எண்ணுவதை யூனிகோட் ஏழு குறியீடுகளாகச் சேமிக்கிறது. நிரல் அந்த ஏழையும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பியிருக்கிறது.

பார்த்துவிட்டால் தீர்வு எளிது. மெய்யையும் அதன் உயிர்க்குறியையும் சேர்த்தே ஓர் எழுத்தாகக் கூட்டிவிட்டுத் திருப்ப வேண்டும். 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நூலகத்தில் அதற்கு ஆயத்தமான வசதியே இருக்கிறது. ஆனால் அந்த அநாதைக் கொக்கியைக் கண்ணால் பார்க்காமல், நிரலை மறுபடி மறுபடி வாசித்தே இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் நிரலின் ஒவ்வொரு வரியும் சரிதான்.

எந்த ஐடிஇ என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது: எதற்காக எழுதுகிறீர்கள்? பல நேரங்களில் தேர்ந்தெடுக்க நமக்கு ஒன்றுமே இருக்காது. ஐபோன் செயலி என்றால் எக்ஸ்கோடு, அதுவும் மேக் கணினியில் மட்டும். அர்டுயினோ பலகையில் விளக்கை மின்னவைக்க அர்டுயினோ ஐடிஇ போதும். விண்டோஸில் சி ஷார்ப் என்றால் விஷுவல் ஸ்டுடியோ. அதுவும் விஎஸ் கோடும் ஒன்றல்ல. பெயரில் குழப்பி வைத்தது மைக்ரோசாஃப்ட். பைத்தான் கற்கத் தொடங்கும் பள்ளிப் பிள்ளைக்கு, எஸ்டோனியாவின் தார்து பல்கலைக்கழகத்தில் பிறந்த 'தானி' என்ற சிறிய ஐடிஇ-யைத்தான் நான் சொல்வேன். பைத்தான் அதற்குள்ளேயே வருகிறது. ஒரு கோவையின் எந்தப் பகுதி முதலில் கணக்கிடப்படுகிறது என்பதைக்கூட அதன் டீபக்கர் துண்டுதுண்டாக விரித்துக் காட்டும்.

ஆண்ட்ராய்டு செயலிக்கு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ. 2013-ல் கூகுள் இதை அறிவித்தது. அடித்தளம் ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் இன்டெலிஜே. நல்ல கருவி, ஆனால் பசி அதிகம். 8 ஜிபி ரேம் என்பது வாசலில் நுழையத்தான். திரைக்குள் போலிக் கைபேசியைக் காட்டும் எமுலேட்டரையும் ஓடவிட்டால் 16 இருந்தால்தான் நிம்மதி. சின்ன லேப்டாப் வைத்திருப்பவர்கள் எமுலேட்டரை மறந்துவிட்டு, தங்கள் போனையே யூஎஸ்பி வயரில் இணைத்துச் சோதிக்கலாம். போனின் செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்பதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர்களுக்கான மெனு திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கினால் போதும்.

உண்மையான தேர்வு வருவது ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்றவற்றில். ஜாவாவுக்கு ஐபிஎம் 2001-ல் திறந்த மூலமாக வெளியிட்ட எக்லிப்ஸ் ஒருபுறம், அதே ஆண்டு பிராக் நகரத்திலிருந்து வந்த இன்டெலிஜே மறுபுறம். இன்டெலிஜே பெயர் வாங்கியது நிரலை வெறும் எழுத்துச் சரமாகப் பார்க்காமல் பொருளறிந்து கையாண்டதால். 'டோட்டல்' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்துவிட்டு அதை 'பில் டோட்டல்' என்று மாற்ற நினைக்கிறோம். சாதாரணத் தேடி-மாற்றும் வசதி, ரசீதில் அச்சாகும் 'டோட்டல்' என்ற சொல்லையும், வேறொரு கோப்பில் அதே பெயரில் இருக்கும் சம்பந்தமில்லாத மாறியையும் சேர்த்து மாற்றிவிடும். ஐடிஇ-யின் 'ரீநேம்' அந்த ஒரு மாறியை மட்டும், அது பயன்படும் எல்லாக் கோப்புகளிலும் மாற்றும். நூறு கோப்புகள் உள்ள ப்ராஜெக்டில் இதன் அருமை தெரியும். ஐந்து வரி நிரலுக்கு இது தேவையே இல்லை.

எக்லிப்ஸின் ஜாவா பகுதியை வழிநடத்தியவர்களில் ஒருவரான எரிக் காமா பிறகு மைக்ரோசாஃப்டில் சேர்ந்து உருவாக்கியதுதான் 2015-ல் அறிமுகமான விஎஸ் கோடு. இத்தனை மொழிகளை அதனால் தாங்க முடிவதற்குக் காரணம் 2016-ல் வந்த 'லாங்வேஜ் சர்வர்' ஏற்பாடு. அதற்கு முன்பு பத்து எடிட்டர்களும் இருபது மொழிகளும் இருந்தால், ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். மொத்தம் இருநூறு வேலை. இப்போது ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சர்வர் நிரல் எழுதினால் போதும். எடிட்டர்கள் எல்லாம் அதனிடம் ஒரே பேச்சுமுறையில் 'இந்த மாறி எங்கே பிறந்தது, இங்கே என்னென்ன வரலாம்' என்று கேட்டுக்கொள்ளும். இருநூறாக இருந்த வேலை, மொழிகளுக்கு இருபது, எடிட்டர்களுக்குப் பத்து என்று முப்பதாகக் குறைந்துவிட்டது. பிராம் மூலனார் 1991-ல் வெளியிட்ட விம் போன்ற பழைய எடிட்டர்களுக்கும் இதனால் மறுவாழ்வு கிடைத்தது. விம்மில் ஐந்தாறு கட்டளையாவது கற்றுவைப்பது நல்லது. தொலைதூர லினக்ஸ் சர்வருக்குள் நள்ளிரவில் நுழைந்து ஒரு வரியைத் திருத்த வேண்டியிருக்கும்போது பெரும்பாலும் அங்கே இருப்பது அதுவோ அதன் மூதாதையான விஐ-யோதான்.

வேலைக்குச் சேர்ந்த பின் என் ஆலோசனை இன்னும் எளிது: பக்கத்து நாற்காலிக்காரர் எதை வைத்திருக்கிறாரோ அதை நிறுவுங்கள். முதல் மாதத்தில் உங்களுக்கு வரும் சந்தேகங்களில் பாதி நிரலைப் பற்றியவை அல்ல. எந்த மெனுவில் எது இருக்கிறது என்பவை. அதோடு, 'ரன்' பொத்தானை அழுத்தும்போது பின்னால் என்ன கட்டளை ஓடுகிறது என்று ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். அதே கட்டளையை டெர்மினலில் கையால் தட்டி ஓடவைக்கத் தெரிந்தவர் ஐடிஇ மாறினாலும் திணற மாட்டார்.

இப்போது நாம் எழுதாத வரிகளை எழுதித்தரும் ஏஐ உதவியாளர்களும் ஐடிஇ-க்குள் வந்துவிட்டார்கள். கிட்ஹப் கோபைலட் 2021-ல் முன்னோட்டமாக வந்தது. அதன் பிறகு இதற்காகவே கர்சர் போன்ற எடிட்டர்கள் கிளம்பின. மங்கலான எழுத்தில் ஒரு யோசனை வரும், 'டேப்' அழுத்தினால் நிரலில் சேர்ந்துவிடும். வேகம் உண்மைதான். ஆனால் நாம் யோசித்து எழுதாத வரியில் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று ஊகிக்கக்கூட வழியில்லை. டீபக்கரை இதுவரை தொடாதவர்களுக்கு இப்போதுதான் அது அதிகம் தேவைப்படும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். 2015-ல் ஆப்பிள் தளத்திலிருந்து இறக்க நேரமாகிறது என்று சீனாவில் பல நிரலாளர்கள் எக்ஸ்கோடின் நகலை வேறு சேமிப்புத் தளங்களிலிருந்து எடுத்தார்கள். அந்த நகலுக்குள் யாரோ விஷமம் செய்திருந்தார்கள். அதில் உருவான ஒவ்வொரு செயலியிலும் நிரலாளர்கள் எழுதாத வரிகள் தாமாகச் சேர்ந்துகொண்டன. அரட்டைச் செயலியான வீசாட்டின் ஒரு பதிப்புகூட அதில் சிக்கியது. 'எக்ஸ்கோடுகோஸ்ட்' என்று அதற்குப் பெயர். எக்ஸ்கோடு இலவசம்தான், அவசரம்தான் காரணம். நம் ஊர் விடுதிகளில் பென் டிரைவில் கைமாறும் 'கிராக்' செய்த ஐடிஇ-களுக்கு அந்தக் காரணம்கூடக் கிடையாது. விஎஸ் கோடு, எக்லிப்ஸ், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எல்லாம் இலவசம். விஷுவல் ஸ்டுடியோவின் கம்யூனிட்டி பதிப்பு மாணவர்களுக்கு இலவசம். ஜெட்பிரெய்ன்ஸ் தன் கட்டண ஐடிஇ-களையும், மாணவர் என்று நிரூபித்தால் படிக்கும் காலம்வரை காசு வாங்காமல் தருகிறது. கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும்.