படிப்பா, பந்தா? இரண்டும்தான்!

'ப்ளஸ் டூ போற பொண்ணு. இனிமே எதுக்குங்க ஃபுட்பால்?' வேங்கிக்காலில் ஓர் அம்மா நம்மிடம் கேட்டார். நியாயமான கவலைதான். அவருக்கு அதிதி சௌஹான் கதையைச் சொன்னோம்.

1992-ல் சென்னையில் பிறந்து, டெல்லியில் வளர்ந்தவர் அதிதி. கோல்கீப்பர். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு படித்துக்கொண்டே அங்குள்ள டீமுக்கு ஆடினார். 2015-ல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் பெண்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்து லீகில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான்! 2020-ல் கோகுலம் கேரளா அணியோடு இந்தியப் பெண்கள் லீக் கோப்பையையும் வென்றார். 2025 ஜூலையில் ஓய்வு பெற்றார். பந்தையும் விடவில்லை, படிப்பையும் விடவில்லை.

'சரிங்க, முட்டி போயிடுச்சுன்னா?'

அதுவும் யோசிக்க வேண்டியதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு முழங்கால் ஜவ்வு கிழியும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். தேறி மறுபடி ஆட ஒன்பது மாதம்கூட ஆகலாம். ஆனால், தடுக்க வழி இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் 20 நிமிடம் மெதுவாக ஓடுவது, உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முட்டியை மடக்கி மெத்தென்று இறங்குவது... முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. வாரம் இரண்டு முறையாவது செய்தால் காயங்கள் நன்றாகவே குறையும்.

அடிபட்டு முட்டி வீங்கினால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.