மருவும் புற்று நோயும்: ஆண்களைத் தாக்கும் ஒரு வைரஸ்

மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியில் 1963-ஆம் ஆண்டில் இந்திய-சுவிஸ் கால்நடைத் திட்டம் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தின் பழுப்பு நிறப் பொலிகாளைகளை உள்நாட்டுப் பசுக்களுடன் கலந்து ‘சுனந்தினி’ என்னும் இனம் இத்திட்டத்தின் வாயிலாக உருவாக்கப்பட்டது. பொலிகாளைகளைப் பேணுவோர் அறிந்துள்ள நோய் ஒன்று உண்டு. இளங்காளைகளின் குறியில் மருக்கள் தோன்றிக் குருதி கசியும். சில காளைகள் இனவிருத்திக்குப் பயன்படாமலும் போகும். இதற்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரஸ் ஆகும்.

மாட்டின் இவ்வைரஸ் மனிதரிடம் மரு உண்டாக்குவதில்லை. எனினும், மனிதருக்கே உரிய பாப்பிலோமா வைரஸ்கள் இருநூறுக்கு மேற்பட்ட வகைகளாக உள்ளன. அவற்றுட் சில, ஆண்களுக்கும் பெண்களுக்கும் புற்று நோயை விளைவிக்க வல்லவை.

மருவுக்கும் புற்றுக்கும் உள்ள உறவு முதலில் விலங்குகளிடமே புலனாயிற்று. 1933-இல் அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்டு ஷோப், காட்டு முயல்களின் மருக்கள் வைரஸால் உண்டாவதை நிறுவினார். பின்னர் அம்மருக்கள் புற்றாக மாறக்கூடும் என்பதும் தெளிவாயிற்று. 1983-இல் ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹௌசனின் குழுவினர், பெண்களின் கருப்பை வாய்ப் புற்றில் 16-ஆம் வகை வைரஸைக் கண்டனர். இப்பணிக்காக அவருக்கு 2008-இல் நோபெல் பரிசு கிட்டிற்று.

இவ்வைரஸ் பெண்களின் நோய்க்கு மட்டுமே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஆசனவாய்ப் புற்று நோய்களுள் பத்தில் ஒன்பதும், ஆண்குறிப் புற்று நோய்களுள் ஏறத்தாழப் பாதியும் இதனால் நேர்வனவே. ஆண்குறிப் புற்றின் எஞ்சிய பாதிக்கு, முன்தோல் இறுக்கம், நீடித்த அழற்சி, புகையிலை முதலியன காரணமாகின்றன.

ஆரோக்கியமான உயிரணுவில், கட்டுக்கடங்காத பெருக்கத்தைத் தடுக்கும் இரு காவற் புரதங்கள் உண்டு. 16, 18 முதலிய வகை வைரஸ்கள் தம்முடைய இரு புரதங்களால் அக்காவலர்களைச் செயலிழக்கச் செய்கின்றன. காவல் நீங்கவே, உயிரணுக்கள் பழுதுற்ற நிலையிலேயே பெருகுகின்றன. ஆயினும் தொற்றியவர் யாவருக்கும் புற்று வருவதில்லை. பெரும்பாலோரின் உடல் ஈராண்டுகளுக்குள் வைரஸை அடக்கிவிடும். அடங்காமல் நிலைத்துவிடும் சிலரிடமே, பல ஆண்டுகள் கழித்து நோய் தலைகாட்டும். கண்ணுக்குத் தெரியும் மருக்களைத் தோற்றுவிக்கும் 6, 11 வகைகள் புற்றை விளைவிப்பது அரிது. புற்றை விளைவிக்கும் வகைகளோ பெரும்பாலும் எவ்வித அடையாளமும் காட்டாமல் தங்கியிருக்கும்.

பால் உறவின்போது தோலோடு தோல் உரசுவதால் இவ்வைரஸ் பரவுகிறது. உறை அணிதல் இதனைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. தொற்று எப்பொழுது, எவரிடமிருந்து வந்தது என்று அறிவது பெரும்பாலும் இயலாது. ஆதலின் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ஐயுறுவதிற் பயனில்லை. மனைவி கருப்பை வாய்ச் சோதனை செய்துகொள்வதே அறிவுடைமை.

ஆறாத புண், தடிப்பு, முன்தோலின் அடியில் துர்நாற்றமுள்ள கசிவு, தொடை இடுக்கில் கட்டி ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். ஆசனவாயில் குருதி கண்டால், ‘மூலம்’ என்று தாமே முடிவு செய்தலாகாது. வெட்கத்தால் மறைப்போரும், சுண்ணாம்பு முதலியவற்றைப் பூசிக் காலங்கடத்துவோரும் பலர். தொடக்கத்திலேயே வந்தால், உறுப்பைக் காத்து நோயை மட்டும் நீக்க இயலும்; தாமதித்தால் உறுப்பையே இழக்க நேரிடும்; உயிருக்கும் ஆபத்தாகும். சென்னை அடையாற்றில் 1954 முதல் இயங்கிவரும் புற்றுநோய் நிலையமும், திருவனந்தபுரத்தில் 1981-இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையமும் சிகிச்சை அளிக்கின்றன. முதற் பரிசோதனைக்கு அருகிலுள்ள அரசினர் மருத்துவமனையே போதுமானது.

வருமுன் காக்கவும் வழி உண்டு. இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்ட ‘செர்வாவாக்’ தடுப்பூசிக்கு 2022-இல் ஒப்புதல் கிடைத்தது. ஒன்பது முதல் இருபத்தாறு வயது வரையுள்ள இருபாலாருக்கும் அதனை இடலாம். பதினான்கு வயது வரை இரண்டு முறையும், அதற்கு மேல் மூன்று முறையும் இடுதல் வேண்டும். வந்துவிட்ட தொற்றை அது போக்காது. ஆதலின் இளமையிலேயே இடுவது சிறந்தது.

முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி நாள்தோறும் நீரால் கழுவும் பழக்கத்தை வளர்ந்த சிறுவர்களுக்கு ஆசிரியர்கள் கூச்சமின்றிக் கற்பித்தல் வேண்டும். தோல் பின்னுக்கு வராவிடில் வலிந்து இழுக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லலாம். காளையின் மருவைக் கண்டவுடன் கால்நடை மருத்துவரை அழைக்கும் உழவர், தம் உடலின் புண்ணுக்கும் அதே விரைவைக் காட்டுமாறு செய்வது களப்பணியாளரின் கடமையாகும்.