விளையாட்டும் வேற்றுமொழியும்

குழந்தை தன் தாய்மொழியைப் பேசத் தொடங்குமுன் பல மாதங்கள் அதனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வேற்றுமொழிக்கும் செவிப்பயிற்சியே முதற்படி என்பது என் கருத்து. ஹாரால்டு பாமர் என்னும் ஆங்கில மொழியறிஞர் 1925-இல் தம் மகளுடன் தோக்கியோவில் வெளியிட்ட நூலில், ஆசிரியர் ஏவ, மாணவர் பேசாமலே செய்துகாட்டும் பயிற்சிகள் உள்ளன.

அவ்வழியில், நம் வகுப்புக்கு ஏற்றதோர் ஆட்டத்தைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் குண்டூசியும் ‘பின்’, குப்பைத்தொட்டியும் ‘பின்’. ஆங்கிலேயர் செவிக்கு அவை இருவேறு சொற்கள். நம் எழுத்திலோ இரண்டும் ஒன்றே. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதற் பகரம் வன்மையாகவும், மகர மெய்யை அடுத்த பகரம் மென்மையாகவும் ஒலிக்கின்றன. ஆகவே, அந்த மெல்லிய ஒலி நம் இதழ்களுக்குப் புதிதன்று. சொல்லின் முதலில் அதனைக் கேட்டறிவதும் ஒலிப்பதுமே புதிது.

கரும்பலகையின் ஒருபுறம் ஊசியையும் மறுபுறம் தொட்டியையும் வரைக. ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்ல, பிள்ளைகள் உரிய படத்தைச் சுட்டட்டும். பிறகு ஒரு பிள்ளை சொல்ல, மற்றவர் சுட்டட்டும். எல்லார் கைகளும் தான் எண்ணிய படத்தையே நோக்கினால், தன் உச்சரிப்புச் சரியென்பதை அப்பிள்ளை பிறர் கூறாமலே அறியும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். தவறியவரை ஆட்டத்திலிருந்து விலக்கலாகாது. விலக்கினால், நன்கறிந்தவரே மேலும் மேலும் ஆடுவர்; பயிற்சி மிகுதியும் வேண்டியவர் வாளாவிருப்பர். மாணவ நண்பர்களே, தம்பி தங்கையருக்கு நீங்கள் கற்பிக்கும்போதும் இதனை மறவாதீர்கள். பிழைக்கு அஞ்சி வாய்திறவாத பிள்ளைக்கும் ஆட்டம் முடியும்வரை இடம் இருக்கட்டும்.