பரேல் மில் பெண்கள் தந்த மருந்து

பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குடத்தைத் தூக்கினால் கண் இருட்டுகிறது. "பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மாமியார். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் வீடுகளில் கேட்டுப் பழகிய பேச்சுதான்.

ஆனால் அது பெரும்பாலும் ரத்தசோகை. மராட்டிய மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 54 பேருக்கு இது இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. இந்த நோய்க்கு இன்று உலகமெங்கும் கொடுக்கப்படும் மாத்திரையில் பாதிக் கதை மும்பையில், தாராவிக்குத் தெற்கே சில மைல் தொலைவில் உள்ள பரேலில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது.

மில் பகுதியில் ஒரு டாக்டர்

1928-ம் ஆண்டு. பரேலைச் சுற்றிப் பஞ்சாலைகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த காலம். கர்ப்பிணிகளான மில் தொழிலாளிப் பெண்கள் கடுமையான சோகையால் வெளுத்து, வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பலர் பிழைக்கவில்லை. இதை ஆராய இங்கிலாந்திலிருந்து லூசி வில்ஸ் என்ற பெண் டாக்டர் வந்தார். அவரை அழைத்தவர் டாக்டர் மார்கரெட் பால்பர். இடம், பழைய கவர்னர் மாளிகையில் இருந்த ஹாப்கின் ஆராய்ச்சி நிலையம்.

கிருமி காரணமா என்று பார்த்தார், இல்லை. பிறகு அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். ஏழைகளின் தட்டில் காய், கீரை, பழம் அரிது. அங்கேதான் விடை இருந்தது.

சோகை பிடித்த குரங்கு ஒன்றுக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். பீர் தயாரிக்கும்போது மிஞ்சும் ஈஸ்ட்டில் செய்த, ரொட்டியில் தடவும் மலிவான பண்டம் அது. குரங்கு தேறியது. பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. குன்னூரிலும் சென்னையிலும்கூட அவர் இதே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பொருள்தான் போலிக் அமிலம். 1941-ல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1945-ல் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகச் செய்துகாட்டிய லெடர்லே குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பாதியில் நிற்கும் மாத்திரை

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன. கர்ப்பத்தில் 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். இந்த இரண்டாவது 180 நாள்தான் வீடுகளில் விட்டுப்போகிறது.

காரணம் சாதாரணமானது. தலைப்பிரசவத்துக்குத் திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ உள்ள தாய்வீடு போகிறாள். மூன்றாம் மாதம் ரயிலேறி வருகிறாள். பெட்டியில் குழந்தையின் துணிமணி, ஊர்ப் பலகாரம் எல்லாம் இருக்கும். மாத்திரை அட்டை இருக்காது. பிள்ளையின் தடுப்பூசிச் சீட்டைப் பத்திரப்படுத்துகிற வீடு தாயின் சீட்டைத் தொலைத்துவிடுகிறது.

பிரசவத்தில் இழந்த ரத்தம் ஒரு பக்கம். தாயின் கையிருப்பு குறைந்தாலும் பாலில் போலிக் அமிலம் போய்க்கொண்டே இருக்கும் என்பது இன்னொரு பக்கம். போதாததற்குப் பத்தியம் என்று கீரையையும் பருப்பையும் நிறுத்திவிடுகிறார்கள். நம் பெரியவர்கள் சொன்ன பூண்டும் கருவாடும் இருக்கட்டும். கீரை என்ன பாவம் செய்தது?

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு மலச்சிக்கல் வரும். பயந்து நிறுத்த வேண்டியதில்லை. தொந்தரவு அதிகமானால் டாக்டரிடம் சொல்லலாம். டீயோடு விழுங்கினால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறு நல்லது. கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் போலிக் அமிலம் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க ஒரு துளி ரத்தம் போதும். தாராவிக்காரர்களுக்குச் சயான் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். குழந்தைக்கு ஊசி போடப் போகிற அன்றே தாயும் கையை நீட்டலாம்.