டர்பன் நகரின் கடன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம், 1835-ல் கேப் கவர்னராயிருந்த ஸர் பெஞ்சமின் டர்பனின் பெயரைச் சூடிற்று. ஆனால் அந்நகருக்குச் செல்வம் தேடித் தந்தவர் யார்?

1860 நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலாக அங்கே இறக்கிற்று. 1911 வரை சுமார் 1,52,000 பேர் நேட்டாலில் கால் வைத்தனர். கரும்புத் தோட்டங்களும் ரயில் பாதைகளும் அவர்கள் வேர்வையால் வளர்ந்தன.

அதற்குக் கிடைத்த பிரதியுபகாரமென்ன? ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க விரும்பியவர்மீது 1895-ம் வருஷச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் வரி சுமத்திற்று. 1913-ல் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, பலர் சிறை புகுந்த பின்னரே, 1914-ல் அது ஒழிந்தது.

அத்துடனும் துயர் தீரவில்லை. கேட்டோ மேனர் பகுதியில் காய்கறித் தோட்டமிட்டுக் கோயில் எழுப்பி வாழ்ந்த அவர்களுடைய சந்ததியாரை, 1950-ம் வருஷத்து இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அப்புறப்படுத்திற்று. அங்கிருந்த ஆப்பிரிக்க மக்களும் அதே கதியை அடைந்தனர்.

கவர்னர்களின் பெயர்களை மட்டும் சரித்திரமென்று கொள்வது நியாயமன்று. கப்பல் பதிவேடுகளில் எண்ணிட்டு எழுதப்பட்ட அந்தக் கூலிகளின் பெயர்களே டர்பனின் மூலதனம். அவற்றைப் பேணுதல் தயவன்று, கடனேயாம் என்போம்.