அடுப்படியை எரித்துப் பறப்பவை

"சைபீரியா நாட்டிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வரும் பறவைகள் வழியில் என்ன சாப்பிடும்?" என்று சேலையூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சைபீரியா நாடில்லை, ரஷ்யாவின் ஒரு பகுதி. ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலம் வந்ததும் 'வெளிநாட்டு விருந்தாளிகள் வருகை' என்று படம் போடும் பத்திரிகைக்காரர்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது. அந்தப் படத்தில் பெரும்பாலும் கூழைக்கடாவோ நத்தைகுத்தி நாரையோதான் நிற்கும். இரண்டும் வேடந்தாங்கலிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. பூநாரைக்குக்கூட குஜராத்தின் கட்ச் ரண்ணில் பிரசவ வார்டு உண்டு.

நிஜமாகவே தூரத்திலிருந்து வருபவை படத்தில் எடுபடாத பழுப்புப் பறவைகள்: கருவால் மூக்கன், கொசு உள்ளான், கூட்டத்தோடு நீலச்சிறகி, ஊசிவால் வாத்து. சாதாரண நாளில் 30 கிராம்கூடத் தேறாத கொசு உள்ளான், ரஷ்யாவின் ஆர்க்டிக் ஓரத்தில் முட்டையிடுவது.

இவற்றில் பல, வழியில் ஏரி குளம் கண்டால் இறங்கி மேய்ந்துகொண்டே வரும். இறங்க இடமே இல்லாத கடலைக் கடக்கும் பறவைகள்தான் பட்டினி கிடப்பவை. 2022இல் ஐந்து மாத வயதேயான பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவில் கிளம்பி 13,560 கி.மீ. தாண்டி டாஸ்மேனியாவில் இறங்கியது. 11 நாள், இடையில் ஓரிடத்திலும் கால் ஊன்றவில்லை. அந்த எண்ணை ஊடகங்கள் கொண்டாடித் தீர்த்தன. என்னைக் கேட்டால் அதிசயம் அதன் வயிற்றில் இருக்கிறது.

அலாஸ்காவில் புறப்பட்ட கையோடு ரேடார் கூண்டில் மோதிச் செத்த பட்டைவால் மூக்கன்களைப் பியர்ஸ்மா, கில் என்ற இரு ஆய்வாளர்கள் அறுத்துப் பார்த்து, 1998இல் எழுதினார்கள். எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதைவிட வேடிக்கை, இரைப்பை, குடல், கல்லீரல் எல்லாம் சுண்டிப்போயிருந்தன. சாப்பிடப் போவதில்லை என்று தெரிந்த உடல், சாப்பாட்டு உறுப்புகளைக் கிளம்பும் முன்பே கரைத்துவிட்டிருக்கிறது. பறக்கும்போது மிச்சமும் கரையும். ஆஸ்திரேலியாவிலிருந்து சீனாவுக்குச் சுமார் 5,400 கி.மீ. பறந்து வந்த 'கிரேட் நாட்' என்ற கரைப்பறவையைச் சோதித்தபோது, சுருங்காமல் தப்பியவை மூளையும் நுரையீரலும்தான்.

தீபாவளிக்குச் சென்னை கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் முறுக்கும் அதிரசமுமாகத் தின்று இடுப்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். சுமையாக இருக்குமே என்று கிரைண்டரையும் அடுப்பையும் புறப்படுமுன் பாதி அறுத்துவிடுகிறார்கள். விழுப்புரம் தாண்டியதும் மீதி கிரைண்டர் டீசல் டேங்கில் போகிறது. திருச்சியில் மிக்ஸி, மதுரையில் பாத்திரங்கள். வழி காட்டும் செல்போனையும் ஜன்னலையும் மட்டும் யாரும் தொடுவதில்லை. திருநெல்வேலியில் இறங்கும்போது பசி உயிர் போகிறது, பாட்டி இலை போட்டுவிட்டார், ஆனால் வாய்க்குள் போனதை அரைக்க ஆளில்லை.

எரிபொருள் கொழுப்புதானே, தசையையும் குடலையும் ஏன் எரிக்க வேண்டும்? தண்ணீர் ஒரு காரணம். ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்று மேல் தண்ணீர் பிறக்கும். ஆனால் அதே ஆற்றலுக்குச் சதையின் புரதத்தை எரித்தால், அதில் ஊறியிருக்கும் நீரும் சேர்ந்து சுமார் ஐந்து மடங்கு கிடைக்கும். கனடாவில் காற்றுச்சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைப் பறக்கவிட்டுச் சோதித்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், வறண்ட காற்றில் பறந்தவை கூடுதலாகப் புரதத்தைக் கரைத்திருந்தன. பறவைக்குத் தன் சதையே தண்ணீர்க் குடம்.

வரலாறும் கொஞ்சம் சொல்லாவிட்டால் கடிதம் வரும். குளிர்காலத்தில் தகைவிலான்கள் குளத்துச் சேற்றில் தூங்குகின்றன என்று ஐரோப்பா நெடுங்காலம் நம்பியது. 1822இல் ஆப்பிரிக்க ஈட்டி கழுத்தில் குத்தியபடியே ஒரு நாரை ஜெர்மனிக்குத் திரும்பி வந்து பறவைகள் அவ்வளவு தூரம் போகின்றனவா என்ற சந்தேகத்தைத் தீர்க்க உதவியது. நம் பக்கம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் காலுக்கு வளையம் மாட்டிப் பல பறவைகளின் ஊரைக் கண்டுபிடித்தது. போதும்.

பள்ளிக்கரணைக்கு வருவோம். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் என்பார்கள். 2022இல் ராம்சார் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியது 1,248 ஹெக்டேர். ஓரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு. இடையில் இறங்காமல் நெடுந்தூரம் பறந்து வந்திறங்கும் கரைப்பறவைக்கு முதல் சில நாள் கண்டதையும் செரிக்க முடியாது. புழுபோன்ற மெத்தென்ற இரை வேண்டும், அதைக் குத்தியெடுக்க ஆழமில்லாத சேறு வேண்டும். தண்ணீர் முழங்கால் அளவு நின்றால் வாத்துக்குக் கொண்டாட்டம், கொசு உள்ளானுக்கு அது கடல்.

இந்தச் சதுப்பின் சுற்றுவட்டாரத்துக்கு மனிதர்களும் வந்தார்கள். ஆற்றோர, கடலோரக் குடும்பங்களை 2000இலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அரசு கொண்டுவந்து அமர்த்தியது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து வந்தவர்களும் இதில் உண்டு. வெள்ளத்துக்குத் தப்பிக்க என்று அனுப்பிய இடம், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் தாழ்நிலம்! இந்த இடமாற்றத்தையும் பறவை வலசையையும் ஒரே மூச்சில் பேசுவது இப்போது ஃபேஷன். எனக்கு ஒப்பவில்லை. பறவை வாரக்கணக்கில் உடம்பைத் தயார்செய்துகொண்டு கிளம்புகிறது; இவர்களில் பள்ளி ஆண்டின் நடுவில் பெயர்க்கப்பட்ட குழந்தைகள் உண்டு. மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவருக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தது. வேலை மயிலாப்பூரிலேயே தங்கிவிட்டது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. அதற்குள் வந்த பறவை குடலைத் திரும்ப வளர்த்து, கொழுத்து, கேமராவுக்கு அழகாக நிற்கும். அக்டோபரில் இளைத்து வந்து, சேறு எட்டாமல் வேறிடம் பறந்ததோ செத்ததோ அந்த எண்ணிக்கையில் சேராது. 'இந்த ஆண்டு இத்தனை ஆயிரம்' என்று தலைப்பு வந்தால், மழை தொடங்கிய வாரங்களில் சதுப்பில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் நின்றது என்றும் கேளுங்கள். அதை அளக்கச் சாட்டிலைட் வேண்டாம், கோடு போட்ட கம்பம் ஒன்று போதும்.